மொச்சைக்கு அடியில்

இனிப்பு போட்டுக் கறி சமைப்பார்கள் என்று எங்கள் தெருவில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். "கறியில போயி யாராவது வெல்லத்தப் போடுவாங்களா? ஆக்கத் தெரியாத ஜனம்" என்று எங்கம்மா சொல்லும். அதைத்தான் நான் 2023 நவம்பரில், அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கறிக்கடையில் வாங்கித் தின்றேன். பேக்டு பீன்ஸ் என்று பேர். சின்னச் சின்ன வெள்ளை விதை. ராத்திரி ஊற வைத்து, உப்புப் போட்ட பன்றிக்கறித் துண்டும் கடுகும் வெங்காயமும் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸ் பாகும் சேர்த்து, மண்பானையில் மூடி, ரொட்டி சுடுகிற அடுப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஆறு ஏழு மணி நேரம் மெதுவாகப் புழுங்குகிறது. நான் தின்ற கடையில் பன்றிக்கறிக்குப் பதிலாகப் புகைபோட்ட மாட்டு மார்க்கண்டத்தின் ஓரத்துண்டுகளைப் போட்டிருந்தார்கள். விற்காமல் மிஞ்சிய ஓரங்கள்.

சாதியைப் பற்றிப் பேசுவதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாக் கூட்டமும் மாதிரிதான். கறிக்கடையைப் பற்றித்தான் எழுத இருக்கிறது.

என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனது ஒரு தம்பி. பேரைச் சொல்ல மாட்டேன், ஊரையும் சொல்ல மாட்டேன். நம்ம ஜனம். கம்ப்யூட்டர் வேலையில் அங்கே போய்ப் பல வருஷம் ஆகிறது. நான் எழுதுவதையெல்லாம் படித்திருக்கிறான். ஆனால் போனிலேயே சொல்லிவிட்டான்: "அக்கா, கூட்டத்துல என்னப் பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." கூட்டத்துக்கு வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். யாரோ போலப் போனான். மறுநாள் காரை எடுத்துக்கொண்டு வந்தான். "ஒரு வாரமா ரசம் சோறா? வாங்கக்கா, கறி திங்கலாம்" என்றான். இந்திய மளிகைக்கடைகள் இருக்கிற பக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் ஓட்டினான். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

கடை என்றால் நகைக்கடை மாதிரி இருந்தது. நீளமான கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு. தொடை, விலா, நாக்கு, ஈரல், வால் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேரும் விலையும் எழுதின அட்டை. சுவரில் ஒரு மாட்டுப் படம், எந்த இடத்துக் கறிக்கு என்ன பேர் என்று கோடு போட்டு. எழுதப் படிக்கத் தெரியாத எங்கப்பா அந்தப் படத்தைவிட நுணுக்கமாகச் சொல்லுவார். அவரை யாரும் கேட்டதில்லை. வெட்டுகிறவர் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் வானிலை பேசிக்கொண்டு வெட்டினார். யாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கவில்லை. கறுப்புப் பையில் சுற்றித் தரச் சொல்லவில்லை.

இதைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்டில் பெரிய கறித் தொழிற்சாலைகளில் நின்று வெட்டுகிறவர்களில் ரொம்பப் பேர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் கறுப்பினத்தவரும்தான். 2020இல் கொரோனா பரவி அந்தத் தொழிலாளிகள் கொத்துக் கொத்தாகப் படுத்தபோது, ஆலைகளை மூடக்கூடாது என்று ஏப்ரல் மாதம் அன்றைய ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். கறி முக்கியம், கறி வெட்டுகிறவன் முக்கியமில்லை. கண்ணாடிப் பெட்டியில் அது தெரியாது.

எங்கள் ஊரில் கண்ணாடிப் பெட்டி ஏது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் தனிக்கறி, கொஞ்சம் எலும்பு, ஒரு துண்டு ஈரல், ஒரு துண்டு கொழுப்பு, கொஞ்சம் குடல். எந்தக் கூறும் கூடவோ குறையவோ இருக்கக் கூடாது. இருந்தால் சண்டை வரும். நல்ல கறி காசு உள்ளவனுக்கு, எலும்பு இல்லாதவனுக்கு என்கிற கணக்கு அங்கே கிடையாது. எங்கள் தெருவில் கறி என்றால் அது மாட்டுக்கறிதான். ஆட்டுக்கறி என்றால் ஆட்டுக்கறி என்று சொல்ல வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சமைத்தது வைத்திருந்தார்கள். ஆவி பறக்கிற தட்டுகளில் உருளைக்கிழங்கு, கோழி, கோஸ், கடைசியில் இந்த பீன்ஸ். கருஞ்சிவப்பாக, எங்கம்மா வைக்கிற மொச்சைக் குழம்பு சுண்டிப்போன மாதிரி இருந்தது. ஒரு டப்பா வாங்கினோம். மேலே விதைதான் தெரிந்தது. கறி அடியில் போயிருந்தது.

காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு தமிழ்க் குடும்பம் உள்ளே வந்தது.

"டேய், நீ எங்கடா இங்க?"

தம்பியின் கம்பெனிக்காரர். பண்டிகைக்கு வான்கோழி சொல்லிவைக்க வந்தாராம். அந்த மாதக் கடைசியில் அங்கே வான்கோழிப் பண்டிகை. என்னைப் பார்த்தார். தம்பி, "தெரிஞ்சவங்க, ஊர்லருந்து வந்திருக்காங்க" என்றான்.

"அப்படீங்களா, எந்த ஊரு நீங்க?"

"கடலூர் பக்கம்."

"கடலூர்ல எங்க? டவுனா?"

"கிராமம்."

"கிராமத்துல... ஊருக்குள்ளயேங்களா?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். கேட்கிறவருக்கும் தெரியும். நமக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஏழு கடல் தாண்டி வந்தாலும் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற அந்த நூறடி மண்பாதை கூடவே வருகிறது. நான் ஒரு ஆளாயிருந்தால், "இல்லீங்க, காலனி" என்று பட்டென்று சொல்லியிருப்பேன். எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் தம்பி நின்றான். என் பதில் அவன் பதிலாகிவிடும். "ஊர்தாங்க, ரொம்பச் சின்ன ஊர்" என்றேன்.

அவர் விடவில்லை. தம்பி கையிலிருந்த டப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா வாங்குன? பீஃபா?"

"பீன்ஸ்தாங்க" என்றான் தம்பி.

"ஓ, வெஜ்ஜா." டப்பாவின் மூடி வழியாகப் பார்த்தார். விதை தெரிந்தது. சமாதானமாகிப் போனார்.

காரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவில்லை. பிறகு சொன்னான்: "அவரு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் பர்கர் திம்பாருக்கா. வெள்ளக்காரங்களோட வெளிய போனா ரத்தம் சொட்டச் சொட்ட ஸ்டேக் திம்பாரு. போட்டோ எடுத்துப் போடுவாரு. அவரு தின்னா அது பர்கர். நான் தின்னா அது சாதி."

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான வால்தமில் இருக்கிற பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் சாதிப் பாகுபாட்டைத் தன் விதிகளில் சேர்த்துத் தடை செய்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் பல்கலைக்கழகம். சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சட்டம் போட்டது. கலிபோர்னியாவில் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை 2023 அக்டோபரில், அதாவது நான் போவதற்கு ஒரு மாதம் முன்னால், ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதும் என்றார். தம்பி இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். "சட்டம் வந்தா மொதல்ல நான் யாருன்னு சொல்லணும்கா. சொன்ன அன்னிக்கே முடிஞ்சிடும்" என்றான்.

டப்பாவைத் திறந்தேன். பிளாஸ்டிக் கரண்டி. முதல் வாய் இனிப்பு. தித்திப்பு என்றால் பாயசத் தித்திப்பு இல்லை, கருகின பாகின் தித்திப்பு, ஓரத்தில் ஒரு கசப்பு. அதற்குப் பிறகு கொழுப்பு. பிறகு புகை. பிறகு நார் நாராகக் கறி. விதை மாவாகக் கரைந்தது. காரம் என்று ஒன்று இல்லவே இல்லை. பையில் இருந்த மிளகாய்ப்பொடியைத் தூவினேன். இப்போது தின்ன முடிந்தது. ரெண்டாவது கரண்டிக்கு நன்றாகவே இருந்தது. மூன்றாவதில் என்னமோ நெஞ்சை அடைத்தது. காரணம், மொச்சை.

எங்கம்மா கறிக்குழம்பில் மொச்சை போடும். கறியை நீட்டுவதற்கு. ஒரு கூறு கறியை ஏழு பேருக்கு எப்படிப் பிரிப்பது? காய்ந்த மொச்சையை ஊறப்போட்டுக் கறியோடு வேக வைத்தால் மொச்சையே கறி மாதிரி ஆகிவிடும். சாறெல்லாம் அதில் இறங்கிவிடும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அந்தக் குழம்புச் சோறுதான். அம்மா டப்பாவில் கறியை அடியில் வைத்து, சோற்றைப் போட்டு, மேலே மொச்சையைப் பரப்பும். "யாராவது எட்டிப் பாத்தா மொச்சக் கொழம்புன்னு சொல்லு. மேல இருக்கறத மொதல்ல தின்னு. கறிய கடசியில ஒரே வாயா போட்டுக்க." அப்படித்தான் தின்றேன் அஞ்சு வருஷம். கறியின் ருசி எனக்குத் தெரிந்தது கடைசி வாயில்தான். அதையும் மெல்லாமல் விழுங்கினேன்.

தம்பியிடம் சொன்னேன். "உங்கம்மாவுமா?" என்றான். அப்புறம்தான் கரண்டியை எடுத்தான்.

அந்தப் பாகின் வாசனை எனக்கு வேறு இடத்திலும் பழக்கம். எங்கள் பக்கம் கரும்பு வெட்டுப் பிழைப்பு. சர்க்கரை ஆலை வழியாக பஸ் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோமே, அந்த வாடை. சர்க்கரை எடுத்தது போக மிச்சமாகிற கறுப்புப் பாகு. நம்ம ஊரில் அதைத்தான் காய்ச்சிச் சாராயமாக்குகிறார்கள். டாஸ்மாக் கடையில் என்ன பேர் ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது அதுதான். கரும்பு வெட்டின கூலியை, அந்தக் கரும்பின் கழிவை விற்றே திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாடு.

பாஸ்டன்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். கொஞ்சம் பெரிய அளவில். கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு நட்டு, வெட்டி, ஆட்டினார்கள். அதன் கழிவுப் பாகு பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது. இங்கே அதை ரம் ஆக்கினார்கள். ரம்மை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய் ஆட்களை வாங்கினார்கள். ஆட்களைத் தீவுகளில் விற்றார்கள். மறுபடி பாகு. இங்கிருந்து தீவுகளுக்கு இன்னொன்றும் போனது. கருவாடு. நல்ல கருவாட்டை ஐரோப்பாவுக்கு விற்றுவிட்டு, உடைந்ததையும் கெட்டதையும் அடிமைகளுக்குத் தீனியாக அனுப்பினார்கள். அந்தக் கருவாட்டுக் காசின் நன்றிக்கு ஒரு மர மீனைச் செய்து, புனித மீன் என்று பேர் வைத்து, மாநிலச் சட்டசபையில் இன்னமும் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொங்கட்டும்.

பாகு மலிந்து கிடந்ததால் பீன்ஸில் பாகு ஏறியது. அந்த ஊரின் பழைய கிறிஸ்தவர்கள் ரொம்பக் கறாரானவர்கள். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டமாட்டார்கள், கர்த்தரின் ஓய்வு நாள். சனிக்கிழமையே பானையை அடுப்புக்குள் வைத்து ஞாயிறு வரைக்கும் வைத்துத் தின்பார்கள். ஓய்வு நாளில் வேலை செய்வது பாவம். ஆளை விற்று வாங்கின பாகைத் தின்பது பாவமில்லை. இதே மாசசூசெட்ஸ்தான் 1641இல் அடிமை முறையைச் சட்டத்தில் எழுதி வைத்த முதல் ஆங்கிலேயக் குடியேற்றம். 1919 ஜனவரி 15ஆம் தேதி பாஸ்டனில் 23 லட்சம் காலன் பாகு இருந்த தொட்டி வெடித்துத் தெருவில் அலையாக ஓடி 21 பேர் செத்தார்கள். அதைச் சுற்றுலாக் கதை மாதிரிச் சொல்கிறார்கள். கடலில் செத்தவர்களை அப்படிச் சொல்வதில்லை.

தம்பி அன்றைக்கே மெட்ஃபோர்டு என்கிற ஊருக்கும் கூட்டிப்போனான். ரம்முக்குப் பேர்போன ஊர். ஐசக் ராயல் என்கிறவனுடைய மாளிகை நிற்கிறது. ஆண்டிகுவா தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவன். 1730களில் அடிமைகளோடு இங்கே வந்து குடியேறினான். மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அடிமைகள் இருந்த கட்டடம் அப்படியே இருக்கிறது. ஊரும் சேரியும் மாதிரிதான், நடுவில் முற்றம். வெளியில் நின்று பார்த்தோம். அவன் மகன் எழுதிவைத்த சொத்திலிருந்துதான் ஹார்வர்டில் முதல் சட்டப் பேராசிரியர் பதவி உண்டானது. அந்தக் குடும்பத்தின் கதிர்க்கட்டுச் சின்னத்தைத்தான் ஹார்வர்டு சட்டக் கல்லூரி முத்திரையாக வைத்திருந்தது. மாணவர்கள் போராடி, 2016இல் எடுத்தார்கள். நம்ம ஊரில் எந்தக் கல்லூரியின் நிலம் யாருடைய பஞ்சமி நிலம் என்று தோண்டினால் எத்தனை முத்திரையை எடுக்க வேண்டியிருக்கும்?

அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தக் கரும்பை யார் வெட்டினார்கள்? நம்ம ஆட்கள்தான். 1853இல் புதுச்சேரியிலிருந்து போன கூலிக் கப்பல் மார்த்தினிக் தீவில் இறங்கியது. அடுத்த வருஷம் குவாதலூப். கயானாவுக்குச் சென்னையிலிருந்து அதற்கும் முன்பே. சேரி ஜனம் நிறையப் போனது. அந்தத் தீவுகளில் இன்றைக்கும் கறிமசாலாக் குழம்புக்குக் கொழும்பு என்று பேர். மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள்தான் இல்லை. ஆக, டப்பாவில் இருந்த பாகு எனக்கு ஒன்றும் அந்நியம் இல்லை.

பாதி டப்பா மிஞ்சியது. தங்கியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். கூட்டத்துக்கு உழைத்தவர்கள். அலமாரியில் பெரியாரும் அம்பேத்கரும் தொகுதி தொகுதியாக. பிராமணர்கள் இல்லை, நம்ம பக்கத்து ஆதிக்க சாதிதான். குளிர்பெட்டியில் கோழியும் ஆடும் மீனும் எப்போதும் இருக்கும். நான் டப்பாவை உள்ளே வைக்கப் போனபோது அந்தம்மா என்னவென்று கேட்டார்கள். அங்கே நான் பீன்ஸ் என்று சொல்லவில்லை. பீன்ஸும் மாட்டுக்கறியும் என்றேன்.

முகம் ஒரு நொடி மாறித் திரும்பியது. "தோழர், எங்களுக்கு ஒன்னுமில்ல. அத்தை வந்திருக்காங்க இல்லையா. வயசானவங்க. அவங்க அந்தப் பெட்டியிலதான் சாமிக்குப் பால் எடுப்பாங்க. வேணும்னா கேரேஜ்ல வச்சிடலாமா? வெளிய குளிர்தானே, கெடாது."

எவ்வளவு மரியாதையான வார்த்தைகள். தோழர் என்கிறார்கள், கேரேஜ் என்கிறார்கள். எங்கள் ஊரில் டீக்கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தனிக் குவளையும் வெளியில்தான் இருந்தது, கெடாமல். 2015இல் தாத்ரியில் முகம்மது அக்லக்கை வீட்டில் மாட்டுக்கறி வைத்திருக்கிறார் என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள். குளிர்பெட்டியில் இருந்த கறியை எடுத்துப்போய் என்ன கறி என்று சோதனை செய்தார்கள். 2022இல் ஆம்பூரில் அரசாங்கம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும், மழை வரும் என்று விழாவையே தள்ளிவைத்தார்கள். அந்தக் கும்பலும் இந்தத் தோழரும் ஒன்றா? ஒன்றில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிற கேள்வி ஒன்று: பெட்டிக்குள் என்ன?

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்று முடித்தேன். குளிரில் கொழுப்பு உறைந்து வாயில் ஒட்டியது. அந்தம்மா ரெண்டு தடவை கதவைத் திறந்து, "உள்ள வந்து சாப்பிடுங்க, ஐயோ, நான் அப்படிச் சொல்லலியே" என்றார்கள். நான் மெதுவாக மென்று தின்றேன். விழுங்கவில்லை.

ஊர் திரும்புகிற அன்று தம்பிதான் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டான். வழியில் இதைச் சொன்னேன். கோபப்படுவான் என்று பார்த்தால், "பேசாம மாட்டுக்கறியவே விட்டுட்டா என்னக்கா?" என்றான்.

இது புதுக் கேள்வி இல்லை. அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் தலைவர் எலைஜா முகம்மது 1967இல் உணவைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பன்றிக்கறியும், தட்டைப்பயறும், தோட்டத்தில் அடிமைகளுக்கு முதலாளி போட்ட தீனியெல்லாமும் வேண்டாம், உடம்புக்கும் கேடு, மானத்துக்கும் கேடு என்றார். பயறு வகையில் அவர் தின்னச் சொன்னது ஒன்றே ஒன்று, இந்தச் சின்ன வெள்ளை பீன்ஸ். அதை அரைத்து இனிப்புப் பண்டம் செய்து அவர் ஆட்கள் தெருத்தெருவாக விற்றார்கள். அதே அறுபதுகளில் வேறு கறுப்பின மக்கள் அந்தத் தீனியையே ஆன்மாவின் உணவு என்று பேர் வைத்துக் கொண்டாடினார்கள். முதலாளி தூக்கிப் போட்ட குடலையும் காலையும் ருசியாக்கியது எங்கள் பாட்டிகள் என்றார்கள். ரெண்டு பக்கமும் மானம்தான் பேச்சு.

அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னார். அதைத் தம்பிக்கு ஞாபகப்படுத்தினேன். செத்த மாட்டைத் தூக்குவது ஊர் சுமத்திய வேலை, அந்தக் கறி அந்த வேலைக்குக் கூலி. விடச் சொன்னது அந்த ஏற்பாட்டை. கடையில் காசு கொடுத்து வாங்குகிற கறி வேறு, வீசியெறிந்த கறி வேறு என்றேன்.

"அந்த வித்தியாசம் நமக்குத் தெரியுதுக்கா. அவனுக்குத் தெரியுமா?"

அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் தின்கிறோமா என்றேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்ல வரவில்லை. மேடையில் என்றால் சொல்லியிருப்பேன். காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மாசா மாசம் சம்பளம் வர வேண்டும், ஊரில் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, விசா இருக்கிறது.

பெட்டிகளை இறக்கி வைத்தான். கொஞ்ச நேரம் நின்றான்.

"அடுத்த தடவ வரும்போது எனக்குக் காஞ்ச மொச்ச ரெண்டு கிலோ கொண்டாங்க. கறி இங்கயே கெடைக்குது."

"உள்ள விடுவாங்களா?"

"கேட்டா பீன்ஸுன்னு சொல்லுங்க" என்றான்.